குளோரின் போட்டும் சாகாத பாக்டீரியா: டோஸை ஏத்தினா சரியாயிடுமா?

#1 மாடிவீட்டு மாணிக்கம்

வணக்கம். சென்னையில ஒரு அடுக்ககத்துக்குச் செயலாளரா மாட்டிக்கிட்டவன் நான். மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, வெயில் காலத்துல லாரித் தண்ணி மூணும் எங்களுக்கு ஒரே சம்ப்புலதான் விழுது. அங்கேர்ந்து மோட்டார் போட்டு மாடி டேங்க், அப்புறம் வீட்டுக் குழாய்.

சமீபத்துல ஒரு தனியார் லேப்ல தண்ணியை டெஸ்டுக்குக் கொடுத்தோம். சாக்கடை கலந்துச்சான்னு காட்டுற ஈ.கோலை இல்லை, கோலிஃபார்ம் இல்லை. ஆனா மொத்த பாக்டீரியா எண்ணிக்கை மட்டும் எக்கச்சக்கம். லேப்காரர்கிட்ட கேட்டா, "குளோரினுக்குச் சாகாத வகை சார், இப்ப எல்லா இடத்துலயும் வந்துடுச்சு"ன்னு சொல்லிட்டு ஒரு ஃபில்டர் கம்பெனி விசிட்டிங் கார்டை நீட்டுறார். அது போதாதுன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்புல "சூப்பர் பாக்டீரியா"ன்னு ஒரு ஃபார்வர்டு. இப்ப பாதிப் பேர் சம்ப்புல பிளீச்சிங் பவுடரை ரெண்டு மடங்காக்கச் சொல்றாங்க. மீதிப் பேர், ஆர்.ஓ. இருக்கும்போது குளோரினே எதுக்குங்கிறாங்க.

நிஜமாவே குளோரினுக்குச் சாகாத பாக்டீரியா இருக்கா? இருந்தா டோஸை ஏத்தினா போயிடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்.

#2 கேன்தண்ணி கபாலி

ரெண்டு மடங்கு என்ன, நாலு மடங்கு போடுங்க சார். பாக்டீரியா சாகுதோ இல்லையோ, மீட்டிங்குக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க.

#3 வால்வு வாத்தியார்

மாணிக்கம் சார், குடிநீர்ப் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாக்டீரியாவுக்கு அப்புறம் வருவோம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க: உங்க வீட்டுக் குழாயில எஞ்சிய குளோரின், அதாவது வழியில தீர்ந்தது போக மிச்சம் இருக்கிறது, எவ்வளவு? சம்ப்புல இல்லை, கடைசி மாடி சமையலறைக் குழாயில. அந்த நம்பர் இல்லாம லேப் ரிப்போர்ட்டை வச்சு ஒண்ணும் பேச முடியாது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 படி குழாயில லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மி.கி. எஞ்சிய குளோரின் இருக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது, குளோரின் கலந்து அரை மணி நேரம் நின்ன பிறகு 0.5, வீட்டு வாசலுக்கு வரும்போது 0.2. பைப்ல போற வழியில குளோரின் கரைஞ்சுக்கிட்டேதான் வரும். வெயில்ல காயுற கறுப்பு டேங்க்ல இன்னும் வேகமா போகும்.

அளக்குறதுலயும் ஒரு கோளாறு உண்டு. இன்னமும் பல இடத்துல ஓ.டி.ன்னு (ஆர்த்தோடொலிடின்) ஒரு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் வருதான்னு பார்க்கிறாங்க. மஞ்சள் வந்தா "குளோரின் இருக்கு"ன்னு எழுதிடுவாங்க. தண்ணியில அம்மோனியா இருந்தா, அதாவது சாக்கடை கொஞ்சம் கலந்திருந்தாலே, குளோரின் அதோட சேர்ந்து குளோரமின் ஆயிடும். அதுக்கும் மஞ்சள் வரும், கொஞ்சம் தாமதமா. மருந்து விட்ட சில வினாடிக்குள்ள வர்ற நிறம்தான் தனிக் குளோரின், அதாவது எதோடயும் சேராம கிருமியைக் கொல்ல ரெடியா இருக்கிறது. அஞ்சு நிமிஷம் டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா எல்லாம் சேர்ந்த கணக்கு. அதனால குளோரின் அளக்கிற டி.பி.டி. (DPD) மாத்திரை கிட் வாங்குங்க. இளஞ்சிவப்பு வரும், கலர் அட்டையோட ஒப்பிட்டா நம்பரே கிடைக்கும்.

அப்படியே பி.ஹெச்.சும், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மையும் பாருங்க. 7.5ல குளோரின்ல பாதிதான் கொல்லுற வடிவத்துல இருக்கும். 8.5க்குப் போனா அது பத்துல ஒரு பங்கு. மீதி தண்ணியில சும்மா கிடக்கும். ரெண்டு மடங்கு பவுடர் போட்டாங்கன்னா சுண்ணாம்பும் சேர்ந்துதான் போகுது, பி.ஹெச். இன்னும் ஏறும்.

#4 பெட்ரித்தட்டு

வாத்தியார் சொன்னதை வச்சுக்கிட்டு "சாகாத" விஷயத்துக்கு வர்றேன். நுண்ணுயிரியல் படிச்சு, இப்ப நெதர்லாந்துல தண்ணீர் ஆராய்ச்சியில இருக்கேன்.

இருக்குங்க. புதுசாவும் வரலை. 1982ல ரிட்ஜ்வே, ஆல்சன்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியாவுல ரெண்டு குடிநீர்க் குழாய் அமைப்புகளை ஒப்பிட்டாங்க. ஒண்ணுல குளோரின் போடுவாங்க, இன்னொண்ணுல போட மாட்டாங்க. குளோரின் போட்ட குழாயிலேர்ந்து பிடிச்ச பாக்டீரியாக்கள் குளோரினைக் கூடுதலா தாங்கிச்சு. அதுல ஸ்போர்ங்கிற கெட்டி ஓட்டுக்குள்ள பதுங்குற வகைகளும் ஆக்டினோமைசீட்ஸ்ங்கிற பாக்டீரியா வகையும் லிட்டருக்கு 10 மி.கி. குளோரின்ல ரெண்டு நிமிஷம் கிடந்தும் பிழைச்சுது. பத்து! குழாயில நாம வைக்கிறது 0.2.

இப்ப எல்லாரும் பயப்படுறது மைக்கோபாக்டீரியம் ஏவியம். டி.பி. கிருமிக்குச் சொந்தக்காரன், ஆனா ஆளுக்கு ஆள் தொத்துற டி.பி. இல்லை. மண்ணுலயும் தண்ணியிலயும் வாழுற ஜாதி. செல் சுவர் மெழுகு பூசின மாதிரி. குளோரின் உள்ள நுழையவே தடுமாறும். 2000த்துல வந்த ஒரு ஆய்வுல அஞ்சு ஏவியம் வகைகளைச் சோதிச்சாங்க. ஆயிரத்துல ஒண்ணு மட்டும் மிஞ்சுற அளவுக்குக் கொல்ல, குளோரின் அளவையும் நிமிஷத்தையும் பெருக்கினா 51லேர்ந்து 204 வரை தேவைப்பட்டுது. ஈ.கோலையோட ஒப்பிட்டா 580லேர்ந்து 2300 மடங்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்க. குழாயில 0.2 மி.கி. இருந்தா ஈ.கோலை அரை நிமிஷத்துக்குள்ள காலி. ஏவியத்துக்கு அதே 0.2ல நாலு மணி நேரத்திலேர்ந்து பதினேழு மணி நேரம் வரைக்கும் வேணும்.

உங்க லேப் ரிப்போர்ட்டுல ஈ.கோலை இல்லைன்னா மலக்கலப்பு பெரும்பாலும் இல்லைன்னு அர்த்தம், அது நிஜமாவே நல்ல சேதி. ஆனா குளோரினுக்கு முதல்ல சாகுறவனே ஈ.கோலைதான். அவன் இல்லைங்கிறதை வச்சுக் கடைசியா சாகுறவனும் இல்லைன்னு சொல்லிட முடியாது.

#5 கேன்தண்ணி கபாலி

> அதே 0.2ல நாலு மணி நேரத்திலேர்ந்து பதினேழு மணி நேரம்

அப்ப சரியாத்தானே சொன்னேன்? 0.2ஐ 2 ஆக்குங்க, பதினேழு மணி ஒண்ணே முக்கால் மணியாயிடும். ராத்திரி போட்டா காலையில ரெடி. எதுக்கு இவ்வளவு பேச்சு?

#6 பெட்ரித்தட்டு

கபாலி அண்ணே, கணக்கு சரி, ஆனா அது கண்ணாடிக் குடுவையில தனித்தனியா மிதக்கிற பாக்டீரியாவுக்கு. உங்க பைப்ல யாரும் மிதந்துக்கிட்டு இல்லை. சம்ப் சுவத்தைக் கையால தடவினா வழவழன்னு ஒரு பூச்சு ஒட்டுமே, அதுக்குள்ளதான் குடித்தனம். பயோஃபிலிம். அந்தப் பசையிலயே குளோரின் வினைபுரிஞ்சு தீர்ந்துடும். வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் கதவைச் சாத்திட்டுத் தூங்குறவனுக்கு என்ன? பரப்புல ஒட்டின பாக்டீரியாவைக் கொல்ல, மிதக்கிறதைக் கொல்றதைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு குளோரின் தேவைப்பட்டதா 1980கள்லயே ஆய்வுகள் வந்தாச்சு.

இன்னொரு ஒளிவிடம் அமீபா. தண்ணியில இருக்கிற அமீபா பாக்டீரியாவைத் தின்னும். ஆனா லீஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா, தின்னவனோட வயித்துக்குள்ளேயே பெருகி அவனை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். நெருக்கடி வந்தா அமீபா தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கும். அகாந்தமீபாவோட ஓடு லிட்டருக்கு 50 மி.கி. குளோரினையும் தாங்குறதா பதிவு இருக்கு. உள்ள இருக்கிற லீஜியோனெல்லாவும் சேர்ந்து பிழைச்சுக்குது.

இதையெல்லாம் கொல்லுற அளவுக்கு டோஸை ஏத்தினா அது குடிக்கிற தண்ணியா இருக்காது. தண்ணியில இருக்கிற இலைதழைக் கரிமத்தோட குளோரின் சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன்னு, அளவு மீறினா உடம்புக்கு ஆகாத ஒரு பொருள் உண்டாகும். அதை 1974ல உலகத்துக்குக் காட்டினவர் ரோட்டர்டாம் குடிநீர் நிறுவனத்து வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக்.

#7 நாகை மூச்சு

நுரையீரல் மருத்துவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. இந்த இழையைப் படிப்பவர்கள், குழாய்த் தண்ணீரைக் குடித்தால் மைக்கோபாக்டீரியம் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரோக்கியமான ஒருவர் தினமும் இவற்றை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஒன்றும் ஆவதில்லை. லீஜியோனெல்லாவும் குடிப்பதால் வருவதில்லை. இரண்டுமே முக்கியமாக நுண்துளியாக மூச்சில் போகும்போதுதான் பிரச்சினை. ஷவர், பெரிய ஏ.சி.க்களின் சூட்டைத் தணிக்கும் கூலிங் டவர், மூடுபனி போலத் தண்ணீர் தெளிக்கும் கருவிகள் ஆகியவற்றில்தான் கவனம் தேவை.

1976ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு. முடிந்த சில நாட்களில் நிமோனியாவில் அடுத்தடுத்து மரணங்கள். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் திணறினார்கள். 1977 ஜனவரியில்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசஃப் மெக்டேட் அந்த பாக்டீரியாவைப் பிடித்தார். 'அமெரிக்கன் லீஜியன்' என்ற அந்தப் படைவீரர் அமைப்பின் பெயரால் அதற்கு லீஜியோனெல்லா என்று பெயர். 25லிருந்து 45 டிகிரி வரை அதற்குச் சுகமான சூடு. நம்மூர் மாடி டேங்கில் வருடம் பூராவும் அந்தச் சூடுதான். இங்கே நிமோனியாவுடன் வருபவருக்கு அந்தச் சோதனை எழுதுவதே அபூர்வம், அதனால் எண்ணிக்கையும் வெளியே வருவதில்லை.

மைக்கோபாக்டீரியத்தில் நான் நேரில் பார்க்கும் சிக்கல் வேறு. பழைய டி.பி.யால் நுரையீரல் கெட்டவர், மூச்சுக்குழாய் விரிந்தவர், மெலிந்த வயதான பெண்கள் வருகிறார்கள். சளியில் கிருமி தெரிகிறது. உடனே டி.பி. மாத்திரை. குணமாகவில்லை என்றால் மருந்துக்கு மசியாத டி.பி. என்று அடுத்த கட்ட மருந்து. சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் பாசிட்டிவ், டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் நெகட்டிவ் என்று வந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும், அது டி.பி.யே இல்லாத மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் மூன்று மருந்து, சளி வளர்ப்பில் கிருமி மறைந்த பிறகும் ஒரு வருடம். வயிறு புண்ணாகிப் பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய.

#8 கேன்தண்ணி கபாலி

டாக்டர், அப்ப பக்கெட்டுல மொண்டு குளிக்கிறவனுக்குப் பயமில்லையா? எங்க வீட்டுல ஷவர் சும்மா அழகுக்குத்தான் தொங்குது.

#9 நாகை மூச்சு

சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது, கபாலி. சொம்பில் மொண்டு ஊற்றினால் நுண்துளி குறைவு. என்றைக்கோ ஒருநாள் திறக்கும் ஷவர்தான் மோசம், தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கும். விருந்தாளி வருவதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஷவரில் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிடுங்கள், நீங்கள் குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டு.

#10 பெட்ரித்தட்டு

ஷவர் பேச்சு வந்ததால இதைச் சொல்லியே ஆகணும். 2009ல கொலராடோ பல்கலைக்கழகத்து நார்மன் பேஸ் குழு அமெரிக்காவுல பல ஊர் ஷவர் தலைகளைச் சுரண்டிப் பார்த்தாங்க. சுத்தி இருக்கிற தண்ணியில இருக்கிறதைவிட நூறு மடங்குக்கு மேல ஏவியம் அங்க சேர்ந்திருந்துது. 2018ல இன்னொரு பெரிய ஆய்வு, அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் பொதுமக்களே அனுப்பின மாதிரிகள். கிணத்துத் தண்ணி வர்ற வீடுகளைவிட நகராட்சித் தண்ணி வர்ற வீடுகள்ல மைக்கோபாக்டீரியம் அதிகம். ஐரோப்பாவைவிட அமெரிக்காவுல அதிகம். பிளாஸ்டிக் ஷவர் தலையைவிட உலோகத்துல அதிகம்.

காரணம் குளோரின்தான்னு அவங்க கணிப்பு. மத்த பாக்டீரியா எல்லாத்தையும் கொன்னு, தாங்குறவனுக்கு இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்குது.

#11 கொல்லிமலைக்காரன்

இப்பத்தான் உண்மை வெளிய வருது. குளோரினே ஒரு விஷம், அதுவே கெட்ட கிருமியை வளர்க்குதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நெதர்லாந்துல குழாய்த் தண்ணியில குளோரினே இல்லையாமே? நம்ம முன்னோர் செப்புக்குடத்துல வச்சுக் குடிச்சாங்க, எவனுக்கும் ஒண்ணும் ஆகலை. வெள்ளைக்காரன் வந்து பவுடர் போடச் சொன்னான், அன்னிக்குப் பிடிச்ச சனி.

#12 வால்வு வாத்தியார்

கொல்லிமலை, "எவனுக்கும் ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்லாதப்பா. காலரா வந்தா ஊரே காலி ஆகும், மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறதைத் தவிர வேற வழி இல்லாத காலம் அது. எங்க பாட்டி பெத்ததுல பாதிக்கு மேல தங்கலை.

குளோரின் வந்த கதையும் ஒரே நாள்ல வந்ததில்லை. 1908ல அமெரிக்காவுல ஜெர்சி சிட்டிக்குப் போற தண்ணியில ஜான் லீல்னு ஒரு டாக்டர் யாரையும் கேக்காம குளோரின் கலக்க ஆரம்பிச்சார். விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. கூண்டுல நின்னு, ஆமா கலந்தேன், உலகத்துலயே பத்திரமான தண்ணி இதுதான்னு வாதாடி ஜெயிச்சார். அதுக்கப்புறம் ஊர் ஊராப் பரவி டைஃபாய்டு சாவு மளமளன்னு இறங்கிச்சு.

செப்புக்குடம் பொய்யில்லை. 2012ல பெங்களூர்காரங்க செஞ்ச ஆய்வுல, செப்புப் பாத்திரத்துல 16 மணி நேரம் வச்சா காலரா, சீதபேதி, டைஃபாய்டு வகைக் கிருமிகள் சாகுதுன்னு வந்துது. ஆனா அதெல்லாம் குளோரினுக்கு அரை நிமிஷத்துல சாகுற ஆளுங்க. இந்த இழையில பேசுற ஆளுங்க வேற.

#13 பெட்ரித்தட்டு

நெதர்லாந்து பத்தி நானே சொல்றேன், தினமும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறேன். குளோரின் வாசனை கிடையாது. ஆம்ஸ்டர்டாம் 1983லேயே நிறுத்திட்டாங்க, அப்புறம் நாடு முழுக்க. ஆனா அவங்க குளோரினை மட்டும் எடுக்கலை. ஆத்துத் தண்ணியைக் கடலோர மணல்மேட்டுக்குள்ள இறக்கி மாசக்கணக்குல ஊற வச்சு எடுக்கிறாங்க. அதுக்கு மேல ஓசோன், கார்பன், கடைசியா மெதுமணல் வடிகட்டி. பாக்டீரியா தின்னுறதுக்கு ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காத தண்ணியைத்தான் பைப்ல விடுவாங்க. தின்ன ஒண்ணும் இல்லைன்னா பயோஃபிலிம் தடிக்காது. பைப்ல கசிவு ரொம்பக் குறைவு. முக்கியமா, 24 மணி நேரமும் அழுத்தம் இருக்கும்.

#14 வால்வு வாத்தியார்

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வேணும். மெதுமணல் நமக்கும் புதுசு இல்லை, 1914லேயே கீழ்ப்பாக்கத்துல கட்டினாங்க. நம்ம பிரச்சினை பைப்.

நம்ம ஊர்ல தண்ணி வர்றது முறை வச்சு. வால்வை மூடின உடனே பைப் காலியாகும். காலியாகும்போது உள்ள உறிஞ்சும். பக்கத்துலயே சாக்கடை லைன், ஓட்டை ஜாயிண்ட். அதுக்கு மேல வீட்டுக்கு வீடு மோட்டாரை நேரா மெயின் லைன்ல மாட்டி இழுக்கிறான், அவன் இழுக்கிற இழுப்புக்கு மண்ணுல இருக்கிற சாக்கடையும் சேர்ந்து வரும். அடுத்த முறை தண்ணி திறந்த முதல் சில நிமிஷம் கலங்கலா, ஒரு மாதிரி நாத்தத்தோட வருதே, அது சும்மா துரு மட்டும் இல்லை. அந்தத் தண்ணியில கடைசிக் காவல் குளோரின் ஒண்ணுதான். நெதர்லாந்தைப் பார்த்து நாம அதை எடுத்தா அடுத்த மழைக்கே ஆஸ்பத்திரி நிறைஞ்சிடும். ஏவியத்தால வர்ற நோய் வருஷக்கணக்குல வரும், காலரா ஒரே ராத்திரியில வரும்.

#15 கரோல்பாக் கண்ணன்

டெல்லியிலேர்ந்து எழுதுறேன். 2011ல இங்க குழாய்த் தண்ணியில "சூப்பர்பக்" கண்டுபிடிச்சாங்கன்னு பெரிய ரகளை ஆச்சே, அதுவும் இந்தக் கணக்குலதானே வரும்? அது பத்தி யாரும் சொல்லலையே.

#16 பெட்ரித்தட்டு

கண்ணன், கேட்டது நல்லதாப் போச்சு. மாணிக்கம் சார் வாட்ஸ்அப் ஃபார்வர்டும் இந்தக் குழப்பத்துலதான் பிறந்திருக்கும். டெல்லியில கண்டது என்.டி.எம்.-1 ஜீன். அது இருந்தா கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனம் வேலை செய்யாது. 2010ல அதைப் பத்தி வந்த பெரிய கட்டுரையோட முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகள்கிட்டேர்ந்து மட்டும் 44 மாதிரி அதுல இருந்துது. மறு வருஷம் பிரிட்டன்ல இருக்கிற கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு டெல்லித் தெருக்கள்ல தேங்கின தண்ணி 171, குழாய்த் தண்ணி 50 மாதிரி எடுத்தாங்க. தேங்கின தண்ணியில 51லயும் குழாயில ரெண்டுலயும் அந்த ஜீன் இருந்துது. அரசாங்கத்துக்குக் கோவம் வந்துது.

ஆனா ஆன்டிபயாடிக்குக்குச் சாகாதவன் குளோரினுக்கும் சாகாதவனா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆன்டிபயாடிக் ஏதோ ஒரு இடத்தைக் குறிவச்சுத் தாக்குது, அந்த ஒரு இடத்தை மாத்திக்கிட்டா பாக்டீரியா தப்பிச்சுக்கும். குளோரின் கண்டதையெல்லாம் எரிக்குது, சுவர், புரதம், எல்லாம். ஒரு ஜீனை வாங்கி வச்சுக்கிட்டு அதுலேர்ந்து தப்பிக்கிறது கஷ்டம். அதனாலதான் தப்பிக்கிறவன் பெரும்பாலும் மெழுகுச் சுவர், ஸ்போர் ஓடு, பயோஃபிலிம், அமீபான்னு மறைவிடத்தை வச்சே தப்பிக்கிறான். ரெண்டுக்கும் முடிச்சு சுத்தமா இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நச்சை வெளிய துப்புற பம்ப் மாதிரி சில அமைப்புகள் ரெண்டுக்கும் உதவும். செத்த பாக்டீரியாவோட டி.என்.ஏ. தண்ணியில மிதந்தா உயிரோட இருக்கிறவன் எடுத்துக்கலாம்.

ஆனா டெல்லி சேதி எனக்குச் சொல்றது வேற: குழாயில சாக்கடை கலக்குது. வாத்தியார் சொன்ன அதே கதை.

#17 கொல்லிமலைக்காரன்

எல்லாத்தையும் சாக்கடைன்னு முடிச்சிடுறீங்க. அப்ப அமெரிக்காவுல? அங்க 24 மணி நேரமும் தண்ணி, குளோரினும் போடுறான். அங்கயும் சாகுறானே? உங்க விஞ்ஞானம் அங்க என்ன பண்ணுது? வெளிநாட்டுச் சம்பளம் வாங்குறவங்க குளோரின் கம்பெனிக்குத்தான் பேசுவாங்க.

#18 மட்டுறுத்துநர்

கொல்லிமலைக்காரன், கேள்வி கேளுங்கள், யார் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பது வேண்டாம். மறுமுறை நீக்கப்படும்.

#19 வால்வு வாத்தியார்

கோவத்தை விட்டுட்டுப் பார்த்தா, கேள்வி நியாயமானதுதான். அமெரிக்கா கதை ஒண்ணு சொல்றேன். மிச்சிகன்ல ஃபிளின்ட்னு ஒரு ஊர். 2014 ஏப்ரல்ல செலவைக் குறைக்க டெட்ராய்ட் தண்ணியை விட்டு ஃபிளின்ட் ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க. பைப்பை அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடலை. உலகம் முழுக்கப் பேசினது பைப் அரிச்சு தண்ணியில கலந்த ஈயம். ஆனா இன்னொண்ணும் நடந்துது. இரும்பு பைப் துருப்பிடிச்சு, அந்தத் துரு குளோரினைத் தின்னுடுச்சு. குழாய் கடைசியில குளோரின் பூஜ்யத்துக்குப் பக்கம். அந்த ரெண்டு வருஷத்துல லீஜியோனெல்லா நிமோனியா ஏறக்குறைய 90 பேருக்கு, 12 பேர் செத்தாங்க. அங்க கிருமி ஒண்ணும் புதுசா பலம் வாங்கலை. காவல்காரனை பைப்பே சாப்பிட்டுடுச்சு.

அங்கயும் பலர் முதல்ல சொன்ன வைத்தியம், டோஸை ஏத்து. ஏத்தினாங்க, ட்ரைஹாலோமீத்தேன் வரம்பைத் தாண்டிடுச்சு.

#20 பெட்ரித்தட்டு

அதே நாட்டுலயே இன்னொரு உதாரணம், இது கொஞ்சம் சந்தோஷமானது. சான் ஃபிரான்சிஸ்கோ 2004 பிப்ரவரியில குளோரினை விட்டுக் குளோரமினுக்கு மாறிச்சு. அது மெதுவா வேலை செய்யும், ஆனா வழியிலேயே தீராது, பயோஃபிலிமுக்குள்ள ஆழமா இறங்கும். 53 கட்டடங்களைச் சோதிச்சதுல, மாறுறதுக்கு முன்னாடி 60 சதவீதத்துல லீஜியோனெல்லா. மாறின பிறகு 4 சதவீதம்.

ஆனா ஃபுளோரிடாவுல அதே மாத்தம் செஞ்ச ஒரு மாவட்டத்துல லீஜியோனெல்லா குறைஞ்சு மைக்கோபாக்டீரியம் கூடிச்சு. தலைநகர் வாஷிங்டன்ல 2000த்துல மாறினப்ப பழைய ஈயப் பைப்போட உட்பூச்சு கரைஞ்சு ஈயம் தண்ணிக்கு வந்துது. ஒரு மருந்தை மாத்தினா ஒருத்தன் போவான், இன்னொருத்தன் வருவான்.

அமெரிக்காவுலயே மில்வாக்கி ஊர்ல 1993ல குழாய்த் தண்ணியால சுமார் 4 லட்சம் பேருக்கு வயித்துப்போக்கு. அது கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி, பாக்டீரியா இல்லை, அதனால இழை திசைமாறும்னு நிறுத்திக்கிறேன். அதைக் கொல்ல லிட்டருக்கு 1 மி.கி. குளோரின்ல பத்து நாளுக்கு மேல வேணும். புற ஊதா ஒளி பட்டா நொடியில செயலிழக்கும். மருந்தோட அளவு இல்லை, வழிதான் மாறணும்.

#21 மாடிவீட்டு மாணிக்கம்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன டி.பி.டி. கிட் வாங்கிப் பார்த்தேன். சம்ப் வாயில நல்ல சிவப்பு. மாடி டேங்க்ல லேசா. கடைசி மாடிக் குழாயில நிறமே இல்லை. ஆர்.ஓ. தண்ணியிலயும் நிறமே இல்லை. அப்ப ஆர்.ஓ. தண்ணி சுத்தம்னு எடுத்துக்கலாமா, கூடாதா? மீட்டிங்ல என்ன சொல்ல?

#22 பெட்ரித்தட்டு

ஆர்.ஓ.வுக்குள்ள போகும்போதே கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துடும், இல்லைன்னா மெம்பரேன் கெடும். அதனால வெளிய வர்ற தண்ணியில குளோரின் இருக்காது. மெம்பரேன் பாக்டீரியாவைத் தடுக்கும், நிஜம். ஆனா வடிகட்டின தண்ணி உள்ளயே ஒரு சின்ன டேங்க்ல உக்கார்ந்திருக்கு. காவல் இல்லாத தண்ணி. ஊருக்குப் போயிட்டு வந்து முதல் டம்ளரைப் பிடிக்காதீங்க, அந்த டேங்க்கைக் காலி பண்ணிட்டுப் பிடிங்க. கேன் தண்ணிக்கும் இதேதான். கபாலி அண்ணே கோவிச்சுக்காதீங்க, கேனைத் திறந்து ஒரு வாரம் வச்சிருந்தா அதுலயும் கூட்டம் கூடும்.

உங்க மொத்த எண்ணிக்கை எக்கச்சக்கம்னு வந்ததுக்குக் காரணம் அந்த நிறமில்லாத குழாய்தான்னு நினைக்கிறேன். லேப்காரர் சொன்ன "சாகாத வகை" வரைக்கும் போகவே வேணாம். சாகடிக்க அங்க குளோரினே இல்லையே.

#23 வால்வு வாத்தியார்

மீட்டிங்ல இதைச் சொல்லுங்க. தினசரி டோஸை ரெண்டு மடங்காக்க வேணாம். முதல்ல சம்ப்பையும் மாடி டேங்க்கையும் காலி பண்ணி, சுவத்தை பிரஷ் போட்டுத் தேய்க்கணும். வழவழப்பு போகணும், அதுதான் முக்கால்வாசி வேலை. பவுடரைத் தூவிட்டுத் தேய்க்காம வர்ற ஆளுக்குக் காசு கொடுக்காதீங்க.

தேய்ச்சுக் கழுவின பிறகு தண்ணி நிரப்பி, லிட்டருக்கு 50 மி.கி. கணக்குல குளோரின். 10,000 லிட்டர் டேங்குக்கு 33 சதவீதப் பவுடர்னா ஒன்றரை கிலோ. மூட்டை பிரிச்சு மாசக்கணக்குல கிடந்த பவுடர்ல சத்து பாதிகூட இருக்காது, புதுசா வாங்குங்க. பக்கெட்டுல கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிஞ்ச பிறகு மேல் தண்ணியை மட்டும் ஊத்துங்க. வீட்டு வீட்டுக் குழாயைத் திறந்து, வாசனை வர்ற வரைக்கும் விட்டு மூடச் சொல்லுங்க, பைப்புக்குள்ளயும் போகணும். ஒரு நாள் நிக்கட்டும். யாரும் குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு சொல்லிடுங்க. அப்புறம் மொத்தத்தையும் வெளியேத்திட்டு நல்ல தண்ணி.

தினசரிக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். கடைசி மாடிக் குழாயில 0.2 வருதா பாருங்க. வரலைன்னா பவுடரை ஏத்தாம, மாடி டேங்க்ல தண்ணி எத்தனை நாள் தங்குதுன்னு பாருங்க. பல அடுக்ககத்துல டேங்க் பெருசு, தண்ணிச் செலவு கம்மி, ரெண்டு மூணு நாள் தண்ணி வெயில்ல காயும். ஃப்ளோட்டைக் கீழே இறக்கிக் கட்டினா பாதிப் பிரச்சினை போச்சு.

இன்னொண்ணு, இதை மறந்துடாதீங்க. சம்ப்புக்குள்ள ஆளை இறக்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து நல்லா காத்தோட்டம் விடுங்க, மேல ஒருத்தர் கயிறோட நிக்கணும். பிளீச்சிங் பவுடர் போட்ட சம்ப்புக்குள்ள யாரையும் இறக்கவே கூடாது. சம்ப் கழுவப் போய் மூச்சு முட்டிச் செத்தவங்க சேதியைப் பேப்பர்ல அடிக்கடி பார்க்கிறோம்.

#24 கேன்தண்ணி கபாலி

மாணிக்கம் சார், ஃப்ளோட்டை இறக்கினா மூணாவது மாடிக்காரன் தண்ணி பத்தலைன்னு சண்டைக்கு வருவான். அதுக்கு ஏதாவது மருந்து இருக்கா வாத்தியாரே?

#25 வால்வு வாத்தியார்

மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மாட்டச் சொல்லுங்க, டேங்க் பாதியானா தானா ஓடும். அப்பவும் வந்தான்னா அவனை அடுத்த செயலாளராக்கிடுங்க.